கார்பைடு வில்லையில் ஒரு விரல் தடம்

மைடெர் தொட்ட இரும்பு துருப்பிடிக்கும். வசவாகச் சொல்லவில்லை, சிலருடைய வேர்வை அப்படி. எல்கோய்பார் ஊர்த் தொழிற்பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. வெள்ளிக்கிழமை அவள் கையில் எடுத்த எஃகு அளவுக்கட்டையில், திங்கட்கிழமை காலை பழுப்பு நிறத்தில் அவள் விரல் ரேகை முழுசாக எழுந்திருக்கும். பையன்கள் அவளைத் "துரு" என்றுதான் கூப்பிட்டார்கள். "ஏய் துரு, என் சைக்கிளைத் தொட்டுடாத, நான் வீடு போய்ச் சேரணும்" என்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

பிறகு இருவரும் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தோம். நாற்பது பேர் வேலை செய்யும் இடம். நாங்கள் செய்வது டூல் செட்டர். உலோகத்தைக் கடையும் சி.என்.சி மெஷினின் மேசை மூலையில் ஒரு சின்ன உருளை நிற்கும். அதன் தலையில் ஒரு சில்லறைக் காசு அளவு வட்ட வில்லை. மெஷினில் புதிய டூலை, அதாவது வெட்டுக்கருவியை, மாட்டியதும் அது மெல்ல இறங்கி அந்த வில்லையைத் தொடும். வில்லை ஒரு மயிரிழை உள்ளே போகும், விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாகும், டூல் எவ்வளவு நீளம் என்று மெஷின் தெரிந்துகொள்ளும். அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை, வருஷக்கணக்கில், சூடு தணிக்க ஊற்றும் கூலன்டில் நனைந்துகொண்டே அந்த வில்லை தொடப்பட வேண்டும். தேயக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது, பிசிறு ஒட்டக் கூடாது.

வில்லையை எதில் செய்வது என்று சோதித்துச் சொல்வது மைடெரின் வேலை. அந்த வேலை அவளுக்கு வந்ததே கையால்தான். "உன் கையில பொழைச்ச உலோகம் உலகத்துல எங்க வேணா பொழைக்கும்" என்று சொல்லி அவளை அந்த மேசையில் உட்காரவைத்தவர் எங்கள் உற்பத்தி மேலாளர் கெர்மான். பெரிய வாய், நல்ல மனசு. நான், ஈசாஸ்குன், பக்கத்து மேசையில் செட்டரின் வயர்களைப் பற்றவைப்பேன்.

மைடெர் முதலில் கடினமாக்கிய எஃகைத் தள்ளினாள். அது கூலன்டில் ஒரு வருஷத்துக்குமேல் தாங்கவில்லை. பிறகு கார்பைடு. அதில்தான் பல வருஷம் ஓட்டினோம். ஆனால் அவளுக்கு அதிலும் திருப்தி இல்லை. சர்க்கரைப் பாகில் பாதாம்பருப்பு பிடித்திருப்பதுபோல, கார்பைடில் கடினமான துகள்களைப் பிடித்துவைத்திருப்பது கோபால்ட் என்ற உலோகம். சில கூலன்ட் அந்தக் கோபால்ட்டைக் கரைத்துக் குடித்துவிடும். துகள் மட்டும் அநாதையாக நிற்கும். "செராமிக் போடலாம் கெர்மான். அது யாரையும் ஞாபகம் வெச்சுக்காது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வேகமா ஒரு டூல் இறங்கினா செராமிக் பொட்டுனு தெறிச்சுடும்டீ. அப்புறம் திட்டு வாங்கறது நானா நீயா? உனக்கு உன் கைமேல பயம். அதுக்கு நான் எல்லா வில்லையும் மாத்த முடியுமா?" என்பார் அவர்.

அவளுடைய விரல் தொந்தரவு 2011 கோடையில் ஆரம்பித்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனியை யாரோ அழுத்துவதுபோல இருக்கிறதாம். வலி இல்லை. சின்னதாக, வட்டமாக, குளிர்ச்சியாக ஒரு அழுத்தம். வரும், போகும். ஒரு நாளில் முப்பது தடவை, சில நாள் அறுபது. டாக்டர் நரம்பு என்று சொல்லி மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தார். ஆகஸ்ட் மாதம் எங்கள் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகள் எல்லாம் விடுமுறை விட்டபோது அழுத்தம் சுத்தமாக நின்றுபோனது. "பாத்தீங்களா, ஓய்வுதான் மருந்து" என்றார் டாக்டர். செப்டம்பரில் மறுபடி வந்தது.

அவள் அதோடு வாழப் பழகிவிட்டாள். பதினோரு மணிக்கு நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ரொட்டியும் உருளைக்கிழங்கு முட்டை அடையும் சாப்பிடப் போவோம். அதற்குச் சற்று முன் அவள் கையுறையைக் கழற்றி, இடது கைக் கட்டைவிரலால் அந்த ஆள்காட்டி விரல் நுனியை இறுக்கி ஒரு நிமிஷம் அழுத்துவாள்.

"என்னடீ பண்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரோ காலையிலேருந்து காலிங் பெல் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. நானும் ஒரு தடவை திருப்பி அடிச்சுப் பாக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

2014 அக்டோபரில் மலைக்கு அப்பால் அஸ்கோய்தியா ஊரிலிருந்து ஒரு அம்மாள் ஃபோன் செய்தார். பெயர் ஒலாட்ஸ். கணவர் இறந்தபிறகு இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பட்டறையைத் தானே நடத்துகிறவர், வால்வுகளுக்கான உலோக உடலைக் கடைந்து கொடுக்கிறவர். நான்தான் எடுத்தேன்.

"உங்க செட்டர் என்னைப் பைத்தியம் ஆக்குதும்மா. டூல் மேல தொங்கிக்கிட்டிருக்கு, யாரும் கிட்ட இல்ல, ஆனா தொட்டாச்சுன்னு சிவப்பு விளக்கு எரியுது. மெஷின் நின்னுடுது. ஒரு நிமிஷத்துல தானா பச்சை ஆயிடுது."

"கூலன்ட் தெறிச்சிருக்குமோ?"

"மூடி வெச்சுப் பாத்துட்டேன். பக்கத்துல அடிக்கற பிரஸ்ஸ நிறுத்திப் பாத்துட்டேன். மூணு வருஷமா அப்பப்ப நிக்கும், எங்க வீட்டுக்காரர் பட்டுனு மறுபடி ஓட்டிடுவாரு, கண்டுக்க மாட்டாரு. இப்ப நான் நிக்கறேனே, எனக்கு வேலை கெடுதில்ல? அதுவும் எப்பத் தெரியுமா? பதினோரு மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னால. தினமும். என் மெஷினுக்குப் பசிக்குதுன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க."

மறுநாள் மதியம் நானும் மைடெரும் என் காரில் மலைப்பாதை ஏறி அஸ்கோய்தியா போனோம். சாரல் விடாமல் பெய்தது. பட்டறை ஒரு பழைய மாட்டுக்கொட்டிலின் கீழ்த்தளம். கதவருகே உயரமாக, எண்ணெய்க்கறை படிந்த நீலச் சட்டையோடு ஒலாட்ஸ் நின்றிருந்தார்.

"இப்ப பாருங்க, ஒழுங்கா நடிக்கும் கழுதை" என்று சொல்லிக்கொண்டே ஒரு டூலை மாட்டி இறக்கினார். டூல் கீழே வந்தது. வில்லையைத் தொட்டது. சிவப்பு. மேலே போனது. பச்சை. எந்தக் குறையும் இல்லை.

ஆனால் என் பக்கத்தில் நின்ற மைடெர் நெருப்பைத் தொட்டவள்போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவள் கை மெஷினில்கூட இல்லை. கோட்டுப் பைக்குள் இருந்தது.

"என்னம்மா, ஷாக் அடிச்சுதா?" என்றார் ஒலாட்ஸ்.

"இல்ல. இன்னொரு தடவை இறக்குங்க."

இறக்கினார். மைடெர் வில்லையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறொரு செட்டரை மாட்டிக்கொடுத்துவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு திரும்பினோம். கிளம்பும்போது ஒலாட்ஸ், மெஷின் நின்ற நாட்களை எழுதிவைத்திருந்த ஒரு தாளையும் கொடுத்தார். பாதை முழுக்க மைடெர் செட்டர் பெட்டியை மடியில் வைத்து, அதைத் தொடாமல், கைகளை இரண்டு பக்கமும் சீட்டில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வில்லையைக் கழற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பின்கீழ் வைத்தாள். பார்த்தாள். எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

டூல் தொட்ட இடங்களில் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குனிந்தேன். வளையங்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் வேறொன்று இருந்தது. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழியும் கோடுகள். கோடுகளில் கோபால்ட் போய்விட்டிருந்தது. வெறும் துகள்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. ஒரு முழு விரல் ரேகை. நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.

மைடெர் தன் வலது ஆள்காட்டி விரலை விளக்கொளியில் நீட்டினாள். சிறுவயதில் மீன் டப்பா மூடி கிழித்த தழும்பு, குறுக்காக.

"நீ எல்லாத்தையும் கையுறை போட்டுத்தானே எடுப்ப" என்றேன்.

செட்டரின் அடியில் பொறித்த தேதியைக் காட்டினாள். 2011 மார்ச் ஒன்பது. "அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் வந்துது. அம்மா போயிட்டாங்கன்னு. கையுறையக் கழட்டிட்டேன். கோட்ட எடுத்துட்டேன். மேசையில இந்த ஒண்ணுதான் மீதி. மேல ஒரு தூசி இருந்துது. அதை விட்டுட்டுப் போக மனசு வரல. விரலால துடைச்சேன். துடைச்சுட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. விரல் அதுமேலதான் இருந்துது."

அவளுடைய வேர்வை உப்பு அங்கே முதல் கோட்டைப் போட்டிருக்கிறது. மூன்றரை வருஷம் கூலன்ட் அதே கோடுகளைப் பிடித்து அரித்திருக்கிறது. இதுவரைக்கும் எந்த உலோகக்காரனும் ஒப்புக்கொள்வான். நானும் ஒப்புக்கொண்டு நிம்மதியாக நிமிர்ந்தேன்.

"நீ இதைச் சோதனை மெஷின்ல போடு" என்றாள் மைடெர். "நான் வெளியில நிக்கறேன். கதவைச் சாத்திடு. எனக்கு விரல்ல தெரியறப்பல்லாம் சுவத்தைத் தட்டறேன்."

சோதனை மெஷினில் ஒரு மழுங்கிய டூல் விட்டுவிட்டு இறங்கி வில்லையைத் தொடும். நான் வேண்டுமென்றே சீராக ஓட்டவில்லை. கை பட்டனில் வைத்து, நினைத்தபோது இறக்கினேன். முதல் தடவை டூல் தொட்டது. சுவரில் டொக்.

பத்து விநாடி சும்மா இருந்தேன். சுவரும் சும்மா இருந்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை இறக்கினேன். டொக் டொக். டூலை வில்லைமேல் ஊன்றியபடி நிறுத்தினேன். சுவரில் ஒரு தட்டல், பிறகு உள்ளங்கையை வைத்துத் தேய்க்கும் சத்தம். நான் டூலைத் தூக்கும்வரை அந்தத் தேய்ப்பு நிற்கவில்லை. வெளியே சூரியன் அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் யாரோ கெர்மானிடம் கால்பந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வந்து, செட்டரிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றாள். டூல் மேலே இருந்தது. விளக்கு பச்சை.

"பாரு" என்று சொல்லி, இடது கட்டைவிரலால் தன் ஆள்காட்டி விரல் நுனியை அழுத்தினாள்.

வில்லை உள்ளே போனது. விளக்கு சிவப்பானது.

அவள் கையை எடுத்ததும் பச்சையானது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் போகிறவள் இல்லை நான். கை தானாகப் போனது. பிறகு ஒலாட்ஸ் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பரில் ஐந்து நாள் மெஷின் நிற்கவில்லை. மைடெர் காய்ச்சலில் படுத்திருந்த ஐந்து நாள்.

"கெர்மான்கிட்ட சொல்லாத" என்றாள்.

ஆனால் கெர்மானிடம் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். திரும்பி வந்த பொருளுக்கு அறிக்கை எழுத வேண்டும். மைடெர் மைக்ராஸ்கோப் படத்தை மட்டும் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யார் விரல் இது?"

"என்னோடது. ஒரே ஒரு தடவை தொட்டேன்."

"ஒரு தடவைக்கா இவ்வளவு?"

"மிச்சத்தைக் கூலன்ட் பாத்துக்கிச்சு. என் கை மோசமான கை, அதனால கண்ணுக்குத் தெரியுது. மத்தவங்க தொட்டது தெரியாம அரிச்சுக்கிட்டிருக்கும். செராமிக்ல இது நடக்காது."

கெர்மான் வழக்கம்போல ஏதாவது கிண்டல் சொல்வார் என்று பார்த்தேன். அவரோ தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அதை மேசைக்கு அடியில் செய்தார், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து. "சரி. செராமிக்குக்கு மாறலாம். டூல் இறங்கற வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கூடவே ஒரு காகிதம் வெச்சு அனுப்பிடலாம். ஆனா இந்த வில்லையை நடுவுல வெட்டணும். எவ்வளவு ஆழம் அரிச்சிருக்குன்னு அளந்து அறிக்கையில போடணும். வெள்ளிக்கிழமை வைர ரம்பத்துக்கு அனுப்பிடு" என்றார்.

மைடெர் சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் ஆள்காட்டி விரலை இடது கைக்குள் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்கி எங்கயாவது ஒளிச்சு வெச்சுடு. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு. நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"ஒளிச்சு வெச்சா? யாராவது எடுத்தா? அதுமேல எதையாவது வெச்சா? சாகற வரைக்கும் ஒரு டப்பாவுக்குக் காவல் இருக்கச் சொல்றியா? நான் செத்தப்புறமும் அது இருக்கும், ஈசாஸ்குன். அது கார்பைடு."

பிறகு, "வெட்டறதுக்கு முன்னால தேச்சு எடுத்துடலாம். ரேகை போயிட்டா அது வெறும் வில்லைதானே?" என்றாள். அறிக்கைக்கு வேண்டிய ஆழத்தை மைக்ராஸ்கோப்பிலேயே அளந்து எழுதிக்கொண்டோம், பதினோரு மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முழுப் பக்கத்தையும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் போதும்.

வியாழன் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். வார்ப்பிரும்புத் தட்டில் வைரப் பசையைத் தடவினேன். தேய்த்தது நான்தான். அவளால் முடியாது. அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை மேசைமேல் மல்லாக்க வைத்திருந்தாள். நான் வில்லையைத் தட்டில் வைத்து எட்டுப்போல வளைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிறுத்தவா?"

"வேண்டாம். கூச்சமா இருக்கு, அவ்வளவுதான். ஓட்டு."

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. முதலில் ஓரங்கள் போயின. பிறகு சுழி. தழும்பு கடைசிவரை நின்றது. "இப்ப சுடுது" என்றாள். பிறகு, "இப்ப இல்ல" என்றாள். ஐம்பது நிமிஷத்தில் வில்லை கண்ணாடியானது. அதில் கூரை விளக்கு தெரிந்தது, குனிந்த என் முகம் தெரிந்தது.

"எதாவது தெரியுதா?" என்று வில்லையை ஆணியால் தட்டினேன்.

"ஒண்ணும் இல்ல."

கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனி கரண்டியின் முதுகுபோல வழவழவென்று இருந்தது. ரேகை இல்லை. மீன் டப்பா தழும்பும் இல்லை. ரத்தமும் இல்லை, புண்ணும் இல்லை. நான் என் நகத்தை அதில் அழுத்தினேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது அழுத்துகிறேன் என்று அறிய.

வெள்ளிக்கிழமை வில்லையை வெட்டினார்கள். அந்த நேரம் எங்கள் சாப்பாட்டு நேரம். நான் என் ரொட்டியைத் தொடவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைடெர் முட்டை அடையை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, தட்டைத் துடைத்துவிட்டு, "என்னையே பாக்காதடீ, எல்லாரும் நம்மளப் பாக்கறாங்க" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் செராமிக்குக்கு மாறினோம். ஒலாட்ஸின் பட்டறைக்கு முதல் செட்டர் போனது. முதல் மாதத்திலேயே அவருடைய ஆள் ஒருவன் டூலை வேகமாக இறக்கி ஓரத்தைத் தெறிக்கவிட்டான். அவரே ஃபோன் செய்து, "தப்பு எங்களோடதும்மா, இன்னொண்ணு அனுப்புங்க. ஆனா நீங்க வந்துட்டுப்போன நாள்லேருந்து பதினோரு மணிக்கு நிக்கறதே இல்ல" என்றார். பழைய கார்பைடு வில்லைகளை வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கினோம். வந்தவற்றையெல்லாம் மைடெர் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேறு யாருடைய ரேகையும் அவற்றில் இல்லை. சில வரவே இல்லை. போர்ச்சுகலுக்கும் போலந்துக்கும் போனவை. யார் யார் கை அவற்றில் பட்டதோ.

அடுத்த வருஷம் அடையாள அட்டையைப் புதுப்பிக்க அவளோடு காவல் நிலையத்துக்குப் போனேன், என் அட்டையும் காலாவதியாகியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளம் போலீஸ்காரர். என் விரலை ஒரே தடவையில் படித்துவிட்டார். மைடெரின் முறை வந்தது. கண்ணாடித்தட்டில் வலது ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"அழுத்துங்க."

அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அம்மா."

"அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் தட்டைத் துடைத்தார். அவள் விரலைத் துடைக்கச் சொன்னார். கணினியை அணைத்துப் போட்டார். திரையைத் தன் பக்கம் திருப்பிக் குழம்பிப்போய்ப் பார்த்தார். "ரேகை தேஞ்சுபோனவங்க வருவாங்க. கொத்தனாருங்க வருவாங்க, மீன் தொழிற்சாலைக்காரங்க வருவாங்க. அவங்களுக்குக்கூட மங்கலா ஒரு வட்டமாவது விழும். உங்களுக்கு அதுவும் இல்ல. தட்டுல யாரும் கையே வைக்கலன்னு சொல்லுது மெஷின்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"வேற விரலைக் குடுங்க."

அவள் நடுவிரலை நீட்டினாள். உடனே பச்சை விளக்கு எரிந்தது.